ஈ ஓட்டலாம் வாங்க!

"என்னடா பண்ற?"

"சும்மா ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன் மச்சி!"

செமஸ்டர் லீவில் இந்த டயலாக்கைப் பேசாதவர் யாராவது உண்டா? வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருப்பதைச் சொல்ல நம்ம ஊரில் ஈயைத்தான் துணைக்குக் கூப்பிடுவோம். பக்கத்து பெஞ்ச் ரெக்கார்ட் நோட்டை கமா, ஃபுல்ஸ்டாப் விடாமல் சுட்டால் அது 'ஈயடிச்சான் காப்பி'. ஒரிஜினல் தாளில் ஒரு ஈ செத்து ஒட்டியிருந்ததாம். காப்பி எடுத்த குமாஸ்தா ரொம்ப சின்சியர். தன் தாளிலும் ஒரு ஈயை அடித்து, அதே இடத்தில் ஒட்டி வைத்தாராம். 2012-ல் வந்த 'நான் ஈ' படத்தில் ஈ ஹீரோவாகவே புரமோஷன் வாங்கிவிட்டது.

சினிமாவில் ஓகே. ஆனால் ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் வாளியைச் சுற்றி அதே ஹீரோ அம்பது பேராக ரவுண்ட் அடித்தால்? மாம்பழ சீசனிலும் முதல் மழைக்குப் பிறகும் இந்தக் காட்சி எல்லா காலேஜிலும் ஹவுஸ்ஃபுல். உடனே மெஸ் கமிட்டி கூடும். "மருந்து அடிக்கலாம்" என்பார் ஒருத்தர். "ஐயோ, சாப்பிடுற இடத்தில் கெமிக்கலா? லெமன்கிராஸ் ஆயில்னு ஒண்ணு இருக்கு. சுத்தமான இயற்கை. அதைத் தெளிச்சா ஈ ஓடியே போயிடும்" என்பார் இன்னொருத்தர். மூன்றாவது ஆள் வழக்கம்போல மொபைலை நோண்டிக்கொண்டிருப்பார்.

செடியிலிருந்து எடுக்கிற வாசனை எண்ணெய் நிஜமாகவே ஈயை விரட்டுமா? கொல்லுமா? இல்லை, இதுவும் இன்னொரு பில்டப்பா? இந்த வாரம் அந்த மேட்டரைத்தான் பிரித்து மேயப் போகிறோம்.

ஈயாரின் பயோடேட்டா

பெயர்: மஸ்கா டொமெஸ்டிகா. வீட்டு ஈ. முகவரி: மனுஷன் எங்கேயோ அங்கே. ஆயுள்: இரண்டிலிருந்து நான்கு வாரம். பொழுதுபோக்கு: கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பது.

அந்தக் கை தேய்ப்பில் ஒரு விஷயம் இருக்கிறது. ஈக்கு நாக்கு மாதிரி வேலை செய்வது அதன் கால்தான். ருசி பார்க்கும் நுண்ணிய முடிகள் பாதத்தில் இருக்கின்றன. நம்ம இட்லி மேல் வந்து உட்கார்ந்த உடனேயே 'உப்பு கம்மி' என்று அதற்குத் தெரிந்துவிடும். அந்த சென்சாரில் தூசு படிந்தால் ருசி தெரியாது. அதனால்தான் ஓயாமல் தேய்த்துத் தேய்த்து க்ளீன் பண்ணுகிறது.

இதுவரை சிரிக்கலாம். அடுத்தது கொஞ்சம் கலங்கடிக்கிற சமாச்சாரம். ஈயால் கடித்துத் தின்ன முடியாது. திரவம்தான் உறிஞ்ச முடியும். கெட்டியான உணவு கிடைத்தால் தன் எச்சிலையும் வயிற்றில் இருப்பதையும் அதன் மேல் கக்கி, கரைத்து, பிறகு உறிஞ்சும். ஐந்து நிமிஷம் முன்னால் அது எங்கே உட்கார்ந்திருந்தது? சாக்கடையிலா, குப்பையிலா, அதைவிட மோசமான இடத்திலா? அங்கே ஒட்டிய கிருமி காலிலும் வாயிலும் ஏறி நேரே நம்ம தட்டுக்கு வருகிறது. டைஃபாய்டு, காலரா, சீதபேதி என்று ஈ சுமந்து திரியும் நோய்க்கிருமிகளின் பட்டியல் நூறைத் தாண்டும். மெஸ் சாப்பாட்டைக் கிண்டலடிப்பது நம்ம பிறப்புரிமை. ஆனால் எக்ஸாம் நேரத்தில் பாதி பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் அது காமெடி இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு பெண் ஈ ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் போடும். வாழ்நாளில் பல தவணையாக ஐந்நூறு வரை. நம்ம ஊர் வெயிலில் ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து புழுவாகும். புழு கொழுத்து, காய்ந்த இடமாகப் பார்த்து நகர்ந்து, கூட்டுப்புழுவாகி, மறுபடியும் ஈயாக எழுந்து வர ஏழிலிருந்து பத்து நாள் போதும். இந்த 'ஏழு நாள்' கணக்கைக் கொஞ்சம் மனசில் வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஒரு சூப்பர் ஸ்டாரின் ஃபிளாஷ்பேக்

ஈக்கு எதிராக மனுஷன் ஆடிய ஆட்டத்தில் பெரிய ஹிட் கொடுத்தது டி.டி.டி. 1939-ல் ஸ்விட்சர்லாந்தின் பால் முல்லர் அதன் பூச்சிக்கொல்லி குணத்தைக் கண்டுபிடித்தார். சோதனைக்கு அவர் பயன்படுத்தியது ஈக்களைத்தான். ஈக்களை ஒரு கூண்டில் விட்டு மருந்தைச் சோதித்தார். பிறகு கூண்டை நன்றாகக் கழுவினார். புதுசாக ஈக்களை விட்டார். சுவரைத் தொட்ட மாத்திரத்தில் அவையும் பொத்துப் பொத்தென்று விழுந்தன. தேய்த்துக் கழுவினாலும் போகாத மருந்து! 1948-ல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஈயார் லேசுப்பட்டவரா? முல்லர் நோபல் வாங்கும் முன்பே, 1946-47 வாக்கிலேயே, ஸ்வீடனிலும் இத்தாலியிலும் டி.டி.டி.க்கு அசராத வீட்டு ஈக்கள் கிளம்பிவிட்டன. ரகசியம் சிம்பிள். லட்சம் ஈயில் நாலைந்துக்கு அந்த மருந்தைத் தாங்கும் சக்தி பிறவியிலேயே இருக்கும். மற்றதெல்லாம் செத்துப்போக, அந்த நாலைந்துதான் குடும்பம் நடத்தும். மாதத்துக்கு மூன்று தலைமுறை என்றால் ஊர் முழுக்க அந்த வம்சமாக நிரம்ப எவ்வளவு நாள் ஆகும்?

அதோடு, 'கழுவினாலும் போகாது' என்ற அதே பெருமை வில்லனாகவும் மாறியது. டி.டி.டி. மண்ணில் தங்கியது. தண்ணீரில் இறங்கி, மீனுக்குப் போய், மீனைத் தின்ற பறவைக்குப் போய் சேர்ந்தது. 1962-ல் ரேச்சல் கார்சன் எழுதிய 'சைலன்ட் ஸ்பிரிங்' புத்தகம் இதை உலகுக்குப் போட்டு உடைத்தது. அமெரிக்கா 1972-ல் தடை போட்டது. இந்தியாவில் 1989-ல் விவசாயத்துக்குத் தடை வந்தது. டி.டி.டி.க்குப் பின்னால் வந்த பல மருந்துகளுக்கும் ஈ வரிசையாக டிமிக்கி கொடுத்தது. அப்போதுதான் விஞ்ஞானிகள் கொஞ்சம் நிதானித்து, செடிகள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தியாவசிய எண்ணெயா?

எஸன்ஷியல் ஆயில் என்பதைச் சிலர் 'அத்தியாவசிய எண்ணெய்' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். படிக்கிறவனுக்கு ரேஷன் கடை பாமாயில்தான் ஞாபகம் வரும்! விஷயம் அது இல்லை. இங்கே 'எஸன்ஷியல்' என்றால் 'எஸன்ஸ்', அதாவது சாரம். செடியின் வாசனைச் சாரம். நம்ம பாட்டிகள் அழகாக 'தைலம்' என்று ஒரே வார்த்தையில் சொன்னார்கள். ஊட்டிக்கு டூர் போன எல்லாருடைய பையிலும் ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலம் இருக்குமே, அதேதான்.

எடுக்கும் முறை பிளஸ் டூ கெமிஸ்ட்ரிதான். இலையைப் பெரிய பாத்திரத்தில் அடைத்து, அடியிலிருந்து நீராவியை ஏற்றுவார்கள். நீராவி போகும்போது வாசனைச் சத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போகும். குளிர வைத்தால் தண்ணீர் கீழே, எண்ணெய் மேலே. பிரித்து எடுத்தால் தைலம் ரெடி. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மாதிரி இது பிசுபிசுக்காது. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பெரும்பாலும் கறையே இல்லாமல் காற்றோடு போய்விடும். இதையும் மனசில் வையுங்கள். கதையின் முக்கியமான திருப்பமே இதுதான்.

சரி, செடி எதற்காக இதைத் தயாரிக்கிறது? நாம் மோந்து பார்த்து 'ஆஹா' சொல்வதற்கா? கிடையாது பாஸ். மாடோ, மனுஷனோ எதிரி வந்தால் எழுந்து ஓடலாம். செடி ஓட முடியுமா? நின்ற இடத்தில் நின்றே சண்டை போட வேண்டும். தின்ன வருகிற பூச்சியையும் தாக்க வருகிற பூஞ்சையையும் சமாளிக்க அது வைத்திருக்கும் ஆயுதக் கிடங்குதான் இந்த வாசனை. நமக்கு அது பெர்ஃப்யூம். பூச்சிக்கு அது கண்ணீர்ப்புகை.

நம்ம ஊர் மாட்டுத் தொழுவத்தில் சாயங்காலமானால் நொச்சி இலை, வேப்பிலையைப் போட்டு மூட்டம் போடுவார்களே, அதன் பின்னால் இருப்பதும் இந்த விஷயம்தான். தாத்தாக்கள் பேப்பர் பிரசன்ட் பண்ணவில்லை, அவ்வளவுதான்.

டீம் லிஸ்ட்

எலுமிச்சைப்புல்: லெமன்கிராஸ். கேரளாக்காரர்கள் 'இஞ்சிப்புல்' என்பார்கள். எண்ணெயில் முக்கால் பங்கு போல சிட்ரல். கேரளத்தின் ஓடக்காலியில் இந்தப் புல்லுக்கென்றே 1951-ல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள் என்றால் இதன் மவுசைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூகலிப்டஸ்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்து செட்டிலான மரம். சரக்கின் பெயர் சினியோல். மூக்கடைப்பைத் திறப்பதும் இதுதான்.

புதினா வகை: மெந்தால் சரக்கு. உத்தரப்பிரதேச விவசாயிகள் ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள். மெந்தால் புதினா எண்ணெயில் உலகத்துக்கே நம்பர் ஒன் சப்ளையர் இந்தியாதான்.

கிராம்பு: பல் வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்போமே, அந்த சுரீர் என்ற சரக்கு யூஜினால்.

ஆரஞ்சுத் தோல்: எண்ணெயில் தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல் லிமோனின். ஒரு குட்டி எக்ஸ்பெரிமென்ட்: ஊதிய ரப்பர் பலூன் பக்கத்தில் ஆரஞ்சுத் தோலை மடித்துப் பிதுக்குங்கள். தோலிலிருந்து பீச்சும் சாரல் பட்டதும் பலூன் 'டமால்'! லிமோனின் ரப்பரைக் கரைத்துவிடுகிறது. பூச்சியின் உடம்பு மேல் தண்ணீர் வற்றாமல் காக்க ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. அதையும் லிமோனின் பதம் பார்க்கும்.

இவை ஏதோ கைவைத்தியச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 2011, 2012 வாக்கில் டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் புதினா, யூகலிப்டஸ் எண்ணெய்களை வீட்டு ஈயின் மேல் வரிசையாகச் சோதித்து ஆய்வுக்கட்டுரைகள் போட்டிருக்கிறார்கள். ஈயை விரட்டுவது மட்டும் இல்லை. புழுப் பருவத்திலும் கூட்டுப்புழுப் பருவத்திலும் அவை வேலை செய்வதைக் காட்டினார்கள்.

ஈக்கு மட்டும் ஏன் ஷாக்?

நம்ம உடம்பில் பயமோ கோபமோ வந்தால் அட்ரினலின் பாயும். இதயம் படபடக்கும். ஈக்கு அந்த வேலையைச் செய்யும் சரக்கின் பெயர் ஆக்டோபமின். முதலில் ஆக்டோபஸின் எச்சில் சுரப்பியில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். ஈ பறப்பது, ஓடுவது, சுறுசுறுப்பாக இருப்பது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு.

யூஜினால் மாதிரியான சில வாசனைப் பொருட்கள் இந்த ஆக்டோபமின் சர்க்யூட்டில் புகுந்து கலாட்டா பண்ணுகின்றன. சில பொருட்கள் நரம்பின் வேறு ஸ்விட்சுகளைப் பிடித்து அமுக்குகின்றன. விளைவு, ஈ தறிகெட்டுத் தள்ளாடி, கால் உதறி, விழுகிறது. முதுகெலும்புள்ள நம்மைப் போன்ற ஜீவன்களில் ஆக்டோபமினுக்குப் பெரிய ரோல் கிடையாது. அதனால் ஈக்கு விழும் அடி நமக்கு அதே அளவு விழாது. இதுதான் விஞ்ஞானிகளுக்குப் பிடித்த பாயின்ட்.

இரண்டாவது பாயின்ட் கூட்டணி. டி.டி.டி. ஒரே ஆள். ஒரே பூட்டு, ஒரே சாவி. ஈ பூட்டை மாற்றிவிட்டால் முடிந்தது கதை. ஒரு தைலத்திலோ பல பொருட்கள் கலந்திருக்கும். எல்லாப் பூட்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவது பூச்சிக்குக் கஷ்டம். இதற்கு ஒரு நல்ல உதாரணம் 1995-ல் கனடாவில் வந்தது. தைலத்தில் இல்லை, நம்ம வேம்பில். ஈயில் இல்லை, அசுவினியில். பயிரின் சாறு உறிஞ்சும் அந்தச் சின்னப் பூச்சிக்கு ஒரு பக்கம் வேம்பின் முக்கியப் பொருளான அசாடிராக்டினை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் பல பொருட்கள் கலந்த வேப்பங்கொட்டைச் சாறு. நாற்பது தலைமுறைக்குப் பிறகு பார்த்தால், தனிச் சரக்கைச் சாப்பிட்ட கூட்டத்துக்கு ஒன்பது மடங்கு எதிர்ப்புச் சக்தி! கலவையைச் சாப்பிட்ட கூட்டத்துக்கு ஒன்றும் வரவில்லை. கூட்டணி பலம் என்றால் சும்மாவா!

இடைவேளைக்குப் பிறகு...

இதுவரை கேட்டால் 'அப்போ உடனே ஒரு லிட்டர் வாங்கிடலாம்' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

வெள்ளைத் தாளில் விட்ட சொட்டு என்ன ஆச்சு? காற்றோடு போச்சு. மெஸ்ஸில் தெளித்தாலும் அதே கதைதான். காலை டிஃபனுக்குத் தெளித்தது மதியச் சாப்பாட்டுக்கு நிற்குமா என்பது சந்தேகமே. ஃபேன் ஓடினால் இன்னும் சீக்கிரம் காலி. டி.டி.டி.யின் பலம் அது போகாதது. அதன் பாவமும் அது போகாதது. தைலத்தின் பலவீனம் அது தங்காதது. அதன் புண்ணியமும் அது தங்காதது. ரெண்டும் சேர்ந்துதான் வரும். மண்ணில் சேரக் கூடாது, மீனில் ஏறக் கூடாது, ஆனால் மெஸ்ஸில் மட்டும் ஒரு வாரம் நிற்க வேண்டும் என்றால் எப்படி? தைலத்தை நுண்ணிய உறைகளுக்குள் அடைத்து மெல்ல மெல்லக் கசிய விடும் வித்தையை ஆராய்ச்சிக்கூடங்களில் முயன்று வருகிறார்கள், அது வேறு விஷயம்.

அடுத்த சிக்கல், சரக்கு ஒரே மாதிரி இருக்காது. எந்த மண், எந்த மாதம் அறுத்தது, எப்படி வடித்தது என்பதைப் பொறுத்து தைலம் மாறும். கலப்படமும் உண்டு. போன பாட்டில் பிரமாதமாக வேலை செய்தது, இந்த பாட்டில் சும்மா மணக்கிறது என்று ஆகலாம்.

மூன்றாவது, 'இயற்கைதானே, ஒண்ணும் ஆகாது' என்ற நினைப்பு. இதுதான் ரொம்ப டேஞ்சர். புகையிலையில் இருக்கும் நிகோட்டினும் சுத்தமான இயற்கைதான். ஒரு காலத்தில் அதையே பூச்சி மருந்தாகத் தெளித்தார்கள். யூகலிப்டஸ் தைலத்தைச் சின்னக் குழந்தை ஒரு ஸ்பூன் குடித்துவிட்டாலே வலிப்பு வரை போகலாம். கிராம்பு, எலுமிச்சைப்புல் எண்ணெய்களைக் கலக்காமல் அப்படியே தோலில் தேய்த்தால் எரிந்து தடிக்கும். பூனையின் கல்லீரலுக்கு இந்தப் பொருட்களில் பலவற்றை உடைத்து வெளியேற்றத் தெரியாது. வீட்டில் பூனை இருந்தால் ரொம்ப உஷார். தைலம் எல்லாமே தீப்பிடிக்கக் கூடியது. கேஸ் அடுப்பு எரியும் சமையல்கட்டில் ஸ்பிரே பண்ணுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

அமெரிக்காவில் 1996-லிருந்து கிராம்பு, எலுமிச்சைப்புல், புதினா, ரோஸ்மேரி, சிட்ரோனெல்லா போன்ற எண்ணெய்களை 'குறைந்த ஆபத்து' பட்டியலில் சேர்த்து, பூச்சிக்கொல்லிப் பதிவிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். இதைக் காட்டி 'அமெரிக்காவே ஓகே சொல்லிடுச்சு' என்று விற்பவர்கள் உண்டு. நன்றாகக் கவனியுங்கள். ஆபத்து குறைவு என்பதுதான் அந்தப் பட்டியலின் அர்த்தம். ஈ சாகும் என்று அரசாங்கம் சோதித்து முத்திரை குத்தியதாக அர்த்தம் இல்லை. ரெண்டுக்கும் ஆறு வித்தியாசம் என்ன, அறுபது வித்தியாசம் உண்டு. நம்ம நாட்டில் 1968-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம் இருக்கிறது. 'பூச்சியைக் கொல்லும்' என்று சொல்லி விற்க வேண்டுமானால் பதிவு வாங்க வேண்டும். பாட்டிலை வாங்கும் முன் லேபிளில் பதிவு எண் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பச்சை இலைப் படமும் 'ஹெர்பல்' என்ற வார்த்தையும் பதிவு எண் ஆகாது.

நாமே டெஸ்ட் பண்ணலாம்

நம்பவும் வேண்டாம், நம்பாமல் இருக்கவும் வேண்டாம். சோதித்துப் பார்த்தால் என்ன? செலவு கம்மி. ப்ராஜெக்ட் தலைப்பு தேடி அலையும் பயாலஜி, கெமிஸ்ட்ரி பசங்களுக்கு ஒரு பிட்டாகவும் ஆச்சு.

மூன்று பழைய டைல்ஸ் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் இடத்திலோ சமையல்கட்டிலோ வேண்டாம். எச்சில் தட்டு போடும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். நூறு மி.லி. தண்ணீர், ஒரு மி.லி. எலுமிச்சைப்புல் எண்ணெய், ரெண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட். எண்ணெயும் தண்ணீரும் மாமியார் மருமகள் மாதிரி சேராது. லிக்விட் நடுவில் பஞ்சாயத்து பண்ணி ஒன்றாக்கும். கையில் படாமல் கலக்கி, முதல் டைல்ஸில் பூசுங்கள். இரண்டாவதில் எண்ணெய் இல்லாமல் தண்ணீரும் லிக்விடும் மட்டும். மூன்றாவதில் வெறும் தண்ணீர். மூன்றின் நடுவிலும் ஒரு மூடியில் கொஞ்சம் வெல்லத் தண்ணீர்.

இரண்டாவது டைல்ஸ் எதற்கு என்று கேட்டால் நீங்கள் சயின்ஸ் ஸ்டூடன்ட்! ஈ வராததற்குக் காரணம் எண்ணெயா, சோப்பு லிக்விடா என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான்.

இனி எண்ணிக்கை. முப்பது விநாடியில் ஒவ்வொரு டைல்ஸிலும் எத்தனை ஈ வந்து உட்காருகிறது என்று எண்ணுங்கள். சும்மா சொல்லவில்லை. ஈயைக் கணக்கெடுப்பவர்கள் 'ஸ்கடர் கிரில்' என்ற மரச்சட்டத்தை ஈ மொய்க்கும் இடத்தில் வைத்து அதே முப்பது விநாடி கணக்குத்தான் போடுவார்கள். பூசிய ஐந்தாவது நிமிஷம், அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி, நாலு மணி என்று எண்ணி எழுதுங்கள். மறுநாள் டைல்ஸ்களை இடம் மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் வெயில் படாத மூலையை எண்ணெயின் மகிமை என்று நினைத்துவிடுவோம். ஒன்பது நாள் செய்தால் ஒவ்வொரு டைல்ஸும் ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை இருந்திருக்கும். கிராஃப் போட்டால் எண்ணெய் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று உங்கள் மெஸ்ஸுக்கே உரிய விடை கையில் இருக்கும். மெஸ் கமிட்டி மீட்டிங்கில் வாய்ச்சவடாலுக்குப் பதில் ஒரு தாளை நீட்டலாம். கெத்து!

அந்தத் தாளில் இன்னொன்றும் தெரியும். முதல் டைல்ஸில் உட்காராத ஈ எங்கே போச்சு? செத்துப்போச்சா? பெரும்பாலும் இல்லை. பக்கத்து டைல்ஸுக்குப் போயிருக்கும்! விரட்டுவது வேறு, கொல்வது வேறு. சாப்பாட்டு ஹாலில் எலுமிச்சை வாசம் கமகமக்க, விரட்டப்பட்ட ஈ முழுக்க சமையல்கட்டுக்குள் புகுந்து சோற்றுப் பானையில் உட்கார்ந்தால்? நமக்கு ஈ கண்ணில் படாது. நோய் மட்டும் தவறாமல் வரும். முன்பைவிட மோசம்.

ஏழு நாள் கணக்கு

இப்போது அந்த ஏழு நாளை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மெஸ் பின்பக்கம் எச்சில் இலை, காய்கறிக் குப்பை கொட்டும் தொட்டியை வாரத்துக்கு ஒரு தடவை காலி பண்ணினால், முட்டையிலிருந்து ஈ வரைக்கும் ஒரு முழு கோர்ஸ் முடித்து பட்டம் வாங்கிக்கொண்டு ஒரு பேட்ச் வெளியே வரும். வாரம் இரண்டு தடவை காலி பண்ணினாலே புழுவாக இருக்கும்போதே கோர்ஸ் கட். தினமும் பண்ணினால் அட்மிஷனே கிடையாது. தொட்டிக்கு மூடி, ஜன்னலுக்கு வலை, உணவுக்கு மூடி, ஈரமில்லாத தரை. இதில் எதற்கும் வாசனை கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஆனால் ஈயை ஒழிப்பதில் முக்கால்வாசி வேலை இதுதான்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களைக் கேட்டால் இதையே சொல்வார்கள். எச்சம் ஈரமாகக் கிடந்தால் ஈ பெருகும். காய்ந்து கிடந்தால் ஈயின் ஆட்டம் அடங்கும். மருந்து அதற்கு அப்புறம்தான்.

அப்போ தைலம் வேண்டாமா? தாராளமாக வேண்டும். கைகழுவும் இடம், ஜன்னல் விளிம்பு, குப்பைத் தொட்டியின் வெளிப்பக்கம், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் துடைக்கும் தரை. இங்கெல்லாம் அது நல்ல வாட்ச்மேன். ஆனால் வாட்ச்மேனை வாசலில் நிறுத்திவிட்டு, பின்பக்கக் கதவைத் திறந்து போட்டால் அவர் என்னதான் செய்வார் பாவம்?

இதில் படிப்பும் வேலையும் கூட இருக்கிறது ஃப்ரெண்ட்ஸ். தைலத்தை நாலு மணி நேரத்துக்குப் பதில் நாலு நாள் நிற்க வைக்கும் வழியைக் கண்டுபிடிப்பவருக்கு உலகமே கதவைத் திறக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் படிக்கலாம். லக்னோவில் வாசனைச் செடிகளுக்கென்றே சி.எஸ்.ஐ.ஆரின் 'சீமேப்' ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கெமிஸ்ட்ரி, ஜுவாலஜி, பாலிமர், எல்லாருக்கும் இங்கே இடம் உண்டு.

அடுத்த தடவை யாராவது "என்ன, சும்மா ஈ ஓட்டிக்கிட்டு இருக்கியா?" என்று நக்கலடித்தால், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு "ஆமா பாஸ், முப்பது விநாடிக்கு எத்தனைன்னு எண்ணிக்கிட்டும் இருக்கேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, போகிற வழியில் அந்தக் குப்பைத் தொட்டியை மூடிவிட்டுப் போங்கள்!